முப்பது நாள் விருந்தாளி

1

நான் வசிக்கும் ஊரில் நகராட்சி அலுவலகத்தை ‘மேரி’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல். வந்த புதிதில், நாளைக்கு மேரிக்குப் போகிறேன் என்று சொந்த ஊரான முகையூருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பிரான்சுக்குப் போயும் பிள்ளை மாதாவை மறக்கவில்லை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். நான் போனது குப்பைத் தொட்டி கேட்டு விண்ணப்பம் கொடுக்க. பதினெட்டு வருடமாகிறது, இன்னும் அம்மாவிடம் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

அந்த மேரிதான் என்னைக் கவிஞனாக்கியது.

பாரிஸுக்கு வெளியே இருக்கும் எங்கள் ஊரில் அறுபது தமிழ்க் குடும்பங்கள் இருக்கும். பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள். என்னைப் போலப் புதுச்சேரிப் பெண்ணைக் கட்டி இந்தப் பக்கம் கரையேறிய விழுப்புரத்துக்காரர்கள் சிலர். எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றையும் பொதுவாகக் கொண்டாடும். அதற்கு மேரியின் மண்டபம் வேண்டும். மண்டபத்துக்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: நிகழ்ச்சி மதம் சார்ந்ததா? ஆம் என்றால் எங்கள் மேரியில் மண்டபம் கிடைக்காது. சங்கத் தலைவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், படிவங்களின் மனசு தெரிந்தவர். ‘இல்லை’ என்று குறியிட்டு, நிகழ்ச்சியின் பெயர் என்ற இடத்தில் ‘இலக்கிய மாலை’ என்று எழுதிவிட்டார். எழுதிய பாவத்துக்குக் கொஞ்சம் இலக்கியமும் செய்ய வேண்டியதாயிற்று. சமோசாவுக்கும் பிரியாணிக்கும் நடுவில் அரைமணி நேரக் கவியரங்கம் அப்படித்தான் பிறந்தது.

திண்டிவனத்தில் கல்லூரியில் படித்தவன் என்ற ஒரே தகுதியில் என்னை மேடையேற்றினார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கவிதைதான். பொங்கலுக்கு அதில் கரும்பு வரும். ரம்ஜானுக்குக் கரும்பை எடுத்துவிட்டுப் பேரீச்சம்பழம் வைப்பேன். கிறிஸ்துமஸுக்கு விண்மீன். ஒரு வருடம் அவசரத்தில் எடுக்க மறந்து, பிறை பார்த்தவர்கள் எல்லாரும் கரும்பு கடித்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. கைதட்டினார்கள். இன்னொரு வருடம் முஹர்ரத்துக்குக் ‘குதூகலத் திருநாள்’ என்று வாழ்த்து எழுதி சங்கத்தின் குழுவில் போட்டேன். அது கர்பலாவை நினைத்துப் பலர் துக்கம் காக்கும் மாதம் என்று காரைக்கால்காரர் ஒருவர் பணிவாகத் தெரிவித்தார். ‘குதூகல’த்தை நீக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டேன்.

இத்தனைக்கும் நான் முஸ்லிம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். அதை மேடைதோறும் சொல்லியும் இருக்கிறேன்.

2

அந்த வீடு ஜாபருடையது. ஜாபர் என் கல்லூரித் தோழன். இப்போது திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கல்லாவில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கம் கவிதை எழுதுவான். எங்கேயும் அனுப்பமாட்டான்.

எங்கள் வீட்டில் அப்போது அம்மாவும் அப்பாவும் அறுப்புக்கும் மல்லாட்டைச் செடி பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் திண்டிவனத்தில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தேன். காலையில் தள்ளுவண்டி இட்லி. மதியம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கல்லூரிக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கடைசி வருடம் ரம்ஜான் டிசம்பரில் வந்தது. நோன்பு தொடங்கிய அன்று, அம்மா உன்னை மதியம் சாப்பிட வரச் சொன்னது என்று ஜாபர் அழைத்துப் போனான். அவன் அம்மா பெயர் ரஹமத். மசூதிக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு அறை வீடு. வீடே நோன்பில் இருக்க, நான் மட்டும் நடுவில் உட்கார்ந்து சோறும் தால்சாவும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார்கள். நடுவில் இரண்டு நாள் தவிர முப்பது நாளும் போனேன். ஒரு நாள் தால்சாவில் உப்பு கம்மி என்றுகூடச் சொன்னேன். நோன்பிருக்கும் வீட்டில் யாரும் ருசி பார்க்கமாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் ஊருக்குப் போகிறேன் என்றபோது ரஹமத் அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. திரும்பி வந்ததும் இரண்டு நாள் மதியச் சோற்றோடு விடாமல் ராத்திரிச் சோறும் போட்டார். நானில்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை என்று முகையூரில் பெருமையடித்தேன். அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை, வீட்டுப்பிள்ளை. அப்படித்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ரஹமத் அம்மா இறந்துபோனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். இந்த வருடம் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, அம்மாவுக்கு வருடம் திரும்பியபோது, ஜாபர் ஒரு கவிதை எழுதி வாட்சப்பில் அனுப்பினான். நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வண்டி தள்ளிக்கொண்டே பார்த்து, கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன். படிக்கவில்லை.

3

இந்த முறை தவக்காலமும் ரம்ஜானும் சேர்ந்தே வந்தன. தவக்காலத்துக்கு நான் பீரை விடுவது வழக்கம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும். அந்தத் தியாகத்தின் களைப்பிலோ என்னவோ, இலக்கிய மாலை வந்த சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கவிதை தயாராகவில்லை. பேரீச்சம்பழத்தை எத்தனை வருடம்தான் வைப்பது? பேருந்தில் போகும்போது ஜாபர் அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். கடைசியில் அவன் பெயரைச் சொல்லிவிடுவதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மேடைக்கு ஏறும் மூன்று படிக்குள் அந்த நினைப்பு எங்கேயோ இறங்கிவிட்டது.

கவிதை இதுதான்:

சர்க்கரை வந்த வருஷம்
அம்மாவின் நோன்பை
வைத்தியர் எடுத்துக்கொண்டார்.
பசிக்கத் தெரிந்தவளிடம்
பசிக்கக் கூடாது என்றார்.

முப்பது நாளும்
விருந்தாளி ஒருவன் வந்தான்.
அவன் சாப்பிடச் சாப்பிட
அம்மா நோன்பு பிடித்தாள்.

கடைசி வரி வரைக்கும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கவிதைகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே கிடையாது. வழக்கமாக மூன்றாம் வரியிலேயே பிரியாணி அண்டாவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கைதட்டல். தலைவர் மைக்கை வாங்கி, முப்பது நாளும் வந்த அந்த விருந்தாளி யார் என்று கவிஞரே விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மேடையில் நின்றவன் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கண்ணை மூடி, கொஞ்சம் இடைவெளி விட்டு, “அந்த விருந்தாளி இறைவன்” என்றேன்.

தலைவர் ‘ஆகா’ என்றார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எல்லாவற்றையும் ஒருவர் கைபேசியில் படம் பிடித்தார்.

4

என் மகள் இசபெலுக்குப் பதினைந்து வயது. அவள் தமிழை ஒவ்வொரு சொல்லாக எங்கேயோ தொலைத்துக்கொண்டு வருகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இலக்கிய மாலைக்கு அவள் வருவது பிரியாணிக்காக. அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் சால்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

“பப்பா, அது கடவுள் இல்ல” என்றாள் தமிழில். அவள் தானாகத் தமிழில் பேசினால் விஷயம் முக்கியம் என்று பொருள். “அது சாப்பாடு இல்லாத ஆளு.”

அவள் வகுப்பில் இனெஸ் என்று ஓர் அல்ஜீரியப் பெண் இருக்கிறாள். இனெஸின் அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, நோன்பு வைக்க முடியாது. திரும்பக் குணமாகாத நோய்க்காரர்கள் நோன்பை விட்டால், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். அதற்கு ஃபித்யா என்று பெயராம். இனெஸ் தினமும் ஒரு டப்பாவில் சாப்பாடு எடுத்துப்போய் ரயில் நிலைய வாசலில் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்கிறாளாம். ஒரு நாள் என் மகளும் கூடப் போயிருக்கிறாள். இதையெல்லாம் பாதித் தமிழிலும் பாதிப் பிரெஞ்சிலும் சொல்லிவிட்டு, “நீ எழுதினதுல அதான இருக்கு?” என்று கேட்டாள்.

தமிழ் நன்றாகத் தெரிந்த அறுபது குடும்பத்துக்குப் புரியாத கவிதை, தமிழ் தெரியாத ஒரு பெண்ணுக்குப் புரிந்திருந்தது. நான் அதில் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நேரமில்லை. சர்க்கரை வந்த வருஷம், முப்பது நாள், சாப்பிட வந்த ஒருவன் என்று ஒவ்வொன்றாக என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்த பின் இரண்டு நாளும் இரண்டு வேளை. விட்ட நாளுக்கும் சேர்த்து.

அந்த வீட்டுப்பிள்ளை இல்லை நான். அந்தத் தெருவில் அவர்களுக்குக் கிடைத்த ஏழை. மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என்னையே இறைவன் என்றும் அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

5

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். மறுநாள் ஞாயிறு, திண்டிவனத்தில் நோன்பு திறந்து முடித்திருக்கும் நேரம் பார்த்து ஜாபருக்குப் போன் போட்டேன். அதற்குள் படம் அவனுக்குப் போய்விட்டிருந்தது. சங்கத்தில் ஒருவருக்குக் கிளியனூரில் மச்சான் இருக்கிறார், அந்த மச்சான் ஜாபரின் கடை வாடிக்கையாளர். உலகத்தில் எந்தத் திருட்டையும் இவ்வளவு ஜல்தியாகப் பிடித்திருக்கமாட்டார்கள்.

பார்த்தேன் என்று ஜாபர் சொன்னான். சால்வை நன்றாக இருந்தது என்றும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கும் இடம் அதுதான். கேட்கவில்லை. உங்கள் வீட்டில் எனக்குப் போட்டது பிச்சையா என்று கேட்டேன். கணக்குத் தீர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டதால்தான் கூப்பிட்டீர்களா, இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொன்னாயா என்று கத்தினேன். அவன் கவிதையைத் திருடியவன் அவனிடமே நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாபர் முழுக்கக் கேட்டான்.

“ஆமா, எங்க அம்மா உன்ன ஏழைன்னுதான் நெனச்சிது” என்றான். “நீ என்ன பண்ணையார் வூட்டுப் புள்ளயாவா இருந்த? மத்தியானத்துல கொழாத் தண்ணி குடிச்சிக்கினு இருந்த. நாந்தான் பாத்துட்டு வீட்ல சொன்னேன்.”

அந்த வருடம்தான் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததாகவும், மாத்திரைக்காகச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு வாய் சாப்பிடும்போதெல்லாம் அழுததாகவும் சொன்னான். நான் மதியம் வந்து உட்கார்ந்த பிறகுதான் முகம் தெளியுமாம். எழுதியதை மூன்று பேருக்குத்தான் அனுப்பினானாம். அவன் அக்கா படித்துவிட்டு அழுதிருக்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத் இரண்டு நாள் கழித்துக் கடைக்கே வந்து பேசியிருக்கிறார். மூன்றாவது ஆள் கட்டைவிரல் அனுப்பினான்.

கவிதை யாருடையது என்று எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“அத நீ சொல்லு, சொல்லாத போ. அந்த விருந்தாளி கடவுள்னு சொன்ன பாரு, அத மொதல்ல மாத்து. அல்லாவுக்கு ஏதுடா பசி? பசிச்சது உனக்கு.”

வைப்பதற்கு முன்னால், கவிதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதை அனுப்பவில்லை என்றான். ஏன் என்று கேட்டதற்கு, அனுப்பினதை முதலில் படி என்று வைத்துவிட்டான்.

படித்தேன். ஆஸ்பத்திரி இயந்திரத்தில் துணி சுற்றி முடிய நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்பது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘பசிக்கத் தெரிந்தவள்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன். பசியைத் தெரிந்துவைத்திருக்க முடியுமா? எங்கள் வீட்டில் பசி தானாக வந்தது, அதை யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் சோறு இருக்கும் வீட்டில் வருடத்துக்கு ஒரு மாதம் அதைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார். அதனால்தான் இன்னொருவன் முகத்தில் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் பிறை, பேரீச்சை, நல்லிணக்கம் என்று நான் எழுதிக் குவித்ததில் பசி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

6

தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைந்தது கவிதைக்காக இல்லை. மண்டபம் தந்ததற்கான அறிக்கையில் கவிஞர் என்று என் பெயரைப் போட்டு மேரிக்கு அனுப்பியாகிவிட்டதாம். திருத்த வேண்டுமென்றால் தனிப் படிவம், காரணம் எழுதி இரண்டு பிரதி. அடுத்த பொங்கலுக்கு மண்டபம் கிடைப்பதில் சிக்கல் வரும் என்று கவலைப்பட்டார். அடுத்த கூட்டத்தில் மைக்கில் சொல்கிறேன் என்றேன். அடுத்த கூட்டம் உறுப்பினர் சந்தா பற்றியது, அதில் இலக்கியத்துக்கு நேரமில்லை என்றார்.

சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் படிவம் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நானே எழுதினேன். இந்தக் கவிதை என்னுடையது அல்ல, திண்டிவனம் ஜாபர் தன் தாயார் ரஹமத் அம்மாவை நினைத்து எழுதியது, அதில் வரும் விருந்தாளி இறைவன் அல்ல, மதியம் சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு மாணவன், அந்த மாணவன் நான். இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதினேன். முதல் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது: ‘என்ன ஒரு தன்னடக்கம்!’ அடுத்தவர், ‘கவிஞர் தன்னையே ஏழையாக உருவகித்திருப்பது அருமை’ என்று எழுதினார். பதினோரு பேர் இதயம் போட்டார்கள். உண்மையைச் சொல்லியும் கவிஞன் பட்டம் போகவில்லை. காரைக்கால்காரர் மட்டும், உங்கள் நண்பருக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அதை ஜாபருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

பெருநாள் அன்று காலையில் ஜாபரிடமிருந்து குரல் செய்தி வந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இசபெல் பள்ளிக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவளையும் கேட்கச் சொன்னேன்.

“பத்தாம் நோன்பு அன்னிக்கு ஒருத்தரு வந்து, வேற மதத்துக்காரனுக்குப் போட்டா ஃபித்யா செல்லாதுன்னுட்டாரு. இன்னொருத்தரு, செல்லும்னாரு. அம்மா ரெண்டு பேர்கிட்டயும் வாதாடல. கண்டமங்கலத்துல இருந்து பள்ளிவாசல் வாசலுக்கு வருவாரே வயசான பாய் ஒருத்தரு, அவர கூப்புட்டு மொத நாள்ல இருந்து கணக்கு வெச்சி, முப்பது நாளு தனியா போட்டுது. உன்ன நிறுத்தச் சொல்லி நான்தான் சொன்னேன். வீட்ல அவ்ளோ அரிசி இல்ல. அம்மா என்னத் திட்டிச்சி.”

நான் சாப்பிட்டுக் கைகழுவிப் போன பிறகு அந்தப் பெரியவர் வந்திருக்க வேண்டும். ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. குரல் செய்திக்குக் கீழே, அவன் அதுவரை அனுப்பாமல் வைத்திருந்த கடைசி வரிகள் இருந்தன:

கணக்கில் வராது என்றார்கள்.
இன்னொரு தட்டு வாங்கினாள்.
கணக்கில் வராதவன்
மறுசோறு கேட்டான்.
போட்டாள்.

இசபெல் என் தோள் மேல் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நடுவில் இரண்டு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். கடைசிச் சொல்லில் அவளுக்குக் குழப்பம். பிரெஞ்சில் இப்படி ஒரே சொல்லாக விட முடியாது. யார் போட்டார்கள், எதைப் போட்டார்கள், யாருக்குப் போட்டார்கள், எல்லாம் சொல்லியாக வேண்டும். மூன்றையும் கேட்டாள்.

“ஜாபரோட அம்மா” என்றேன். “சோறு” என்றேன்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் மூன்றாவதற்காக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்கு.”